பூட்டிய கஜானாவும் அவ்வையின் தூதும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெல்லியையும் வாஷிங்டனையும் பற்றியவை. மாங்காய் விலை, மின்வெட்டு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருவூலத்தில் 33 வருடம் பில் பார்த்தவன் நான். தலைவர்களைப் பற்றி எதைக் கேட்டாலும், பணம் யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை என்றுதான் என் கண் முதலில் தேடும். கீழே உள்ள பதில்களிலும் அது தெரியும்.

கேள்வி: அமெரிக்காவில் 2025இல் 43 நாள் அரசாங்கம் மூடிக் கிடந்ததாமே? ஒரு அரசாங்கத்தை எப்படி ஐயா மூட முடியும்? நம் ஊரில் அப்படி நடக்குமா?
*(பள்ளி ஆசிரியை, ஊத்தங்கரை)*

பதில்: டீச்சர், மார்ச் 31 ராத்திரி ஒரு சார் கருவூலம் (தாலுகா அளவில் அரசுப் பணம் பட்டுவாடா செய்கிற ஆபீஸ்) எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பென்னாகரத்தில் இருந்த காலத்தில் எல்லாமே காகிதம்தான். சாயங்காலம் 5 மணிக்கு மேல் கூட்டம் சேரும். நெடுஞ்சாலைத் துறை, பி.டி.ஓ. ஆபீஸ், பள்ளிக்கூடங்கள், ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு கிளார்க் துணிப்பையில் பில் கட்டோடு வந்து வராண்டாவில் உட்கார்ந்திருப்பார். டோக்கன் போட வேண்டும். கணக்குத் தலைப்பு சரியா, ஒதுக்கீட்டில் பாக்கி இருக்கிறதா, கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மணி 12 அடித்தால் அந்த வருடத்து ஒதுக்கீடு லேப்ஸ், அதாவது காலாவதி. பதினொன்றரை மணிக்கு, கையெழுத்து விட்டுப்போன பில்லைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் வீட்டுக்கு சைக்கிளில் பறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் பெஞ்சிலேயே படுத்துத் தூங்கியவர்களும் உண்டு.

ஆனால் ஏப்ரல் 1 விடிந்ததும் அதே கதவு திறக்கும். புது வருடத்துக்குப் பணம் எடுக்கச் சட்டமன்றம் அதற்குள் அனுமதி கொடுத்திருக்கும். முழு பட்ஜெட் நிறைவேற நாளாகும் என்றால், சில மாதச் செலவுக்கு மட்டும் ‘ஓட் ஆன் அக்கவுண்ட்’ வாங்கிக்கொள்வார்கள். நாடாளுமன்றத்துக்கு அரசியல் சட்டத்தின் 116ஆவது பிரிவு, மாநிலச் சட்டமன்றத்துக்கு 206ஆவது பிரிவு. சபையில் பணத்துக்கு அனுமதி வாங்க முடியாத அரசு நம் முறையில் நாற்காலியில் இருக்க முடியாது. விழும், வேறொன்று வரும். கஜானா அதுவரை பூட்டிக் கிடக்காது.

அமெரிக்காவில் ஜனாதிபதியும் காங்கிரசும் (அவர்கள் நாடாளுமன்றத்தின் பேர் அது) தனித்தனித் தேர்தலில் வருகிறவர்கள். ஒருவரை மற்றவர் வீட்டுக்கு அனுப்ப முடியாது, மறிக்க முடியும். அவர்களுடைய நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிக மசோதா ஒன்றாவது வேண்டும். காங்கிரசின் மேல்சபையான செனட்டில் 100 பேர். விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்யக்கூடாது என்ற சட்டம் அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆனாலும் ரொம்ப காலம் மசோதா தாமதமானால் சிக்கனமாக ஆபீஸை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1980இலும் 1981இலும் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, உயிரையும் உடைமையையும் காக்கும் வேலை தவிர மற்றதை நிறுத்தியே ஆகவேண்டும் என்று சட்டக் கருத்து கொடுத்தார். பூட்டுப் போடும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அதற்கப்புறம் தலைவர்கள் அந்தப் பூட்டை ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். 1995 நவம்பரில் கிளிண்டனுக்கும் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சுக்கும் பட்ஜெட் சண்டை. இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்கு ஒரே விமானத்தில் போய்வந்தபோது ஜனாதிபதி தன்னிடம் பேசவில்லை, பின்வாசல் வழியாக இறங்கச் சொன்னார்கள் என்று கிங்ரிச் பத்திரிகைக்காரர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். மறுநாள் நியூயார்க் பத்திரிகை ஒன்று அவரை அழுகிற குழந்தையாக முதல் பக்கத்தில் வரைந்துவிட்டது. ஜனங்களின் கோபம் அவர் பக்கம் திரும்பியது. 2018 டிசம்பரில் டிரம்ப், எல்லைப் பாதுகாப்புக்காக அரசை மூடுவதில் எனக்குப் பெருமைதான் என்று கேமராவுக்கு முன்னாலேயே சொன்னார். சொன்ன பிறகு பழியை எதிர்க்கட்சி மேல் போட முடியுமா? 35 நாள் நடந்தது. மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட அவர் கேட்டது 570 கோடி டாலர். கடைசியில் பிப்ரவரியில் வந்த ஒதுக்கீட்டில் வேலிக்குக் கிடைத்தது 137.5 கோடி டாலர். திரும்பி வராத நஷ்டம் மட்டும் 300 கோடி டாலர் என்று அமெரிக்கக் காங்கிரசின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டது.

அந்த 35 நாளில் ஏறக்குறைய 8 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சம்பளம் இல்லாமலே வேலைக்கு வந்தவர்கள்: விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறவர்கள், விமானத்துக்கு வழி சொல்கிறவர்கள், கடலோரக் காவல் படை. 2025இல் சண்டை மருத்துவக் காப்பீட்டு மானியத்தைப் பற்றி. அந்தத் தடவை 4 கோடி பேருக்கு மேல் நம்பியிருந்த உணவு உதவியே நவம்பரில் தடைபட்டது.

பிறகு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்களே என்று சிலர் சொல்கிறார்கள். கொடுக்கிறார்கள்தான். ஆனால் நான் ஒரு தாலுகா ஊரில் இருந்தபோது ஒரு சத்துணவு சமையல் அம்மா கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். ஏதோ ஒரு ஆபீஸில் பட்டியல் சரியாகப் போடாததால் அந்த மாதச் சம்பளம் வரவில்லை. அது எங்கள் தப்பில்லை, எங்களுக்கு பில்லே வரவில்லை. அவர் சண்டை போடவில்லை. மடியிலிருந்து மளிகைக் கடைப் பற்று நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து கம்பி வழியாக என் பக்கம் நீட்டினார். 412 ரூபாய். கீழே கடைக்காரர் கோடு போட்டு மூடியிருந்தார்; இனிமேல் கடன் கிடையாது என்று அர்த்தம். ‘சாமி, இதை அந்த ஆபீசருக்குக் காட்டுவீங்களா?’ என்றார். சம்பளம் அடுத்த மாதம் சேர்த்து வந்துவிட்டது. அந்த நோட்டைக் கடைக்காரர் திறந்தாரா என்று எனக்குத் தெரியாது. 8 லட்சம் பேர் என்று படிக்கும்போது எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கேள்வி: அரசாங்கம் மூடிக் கிடந்தபோது அமெரிக்க எம்.பி.க்களுக்குச் சம்பளம் உண்டா?
*(காரிமங்கலத்திலிருந்து ஒருவர்)*

பதில்: உண்டு. ஜனாதிபதிக்கும் உண்டு.

கேள்வி: நம் நாட்டில் ஆட்சி கவிழ்ந்து, புது ஆட்சியும் வராவிட்டால் ஊழியர் சம்பளம் என்ன ஆகும்?
*(கிராம நிர்வாக அலுவலர், போச்சம்பள்ளி)*

பதில்: நடந்திருக்கிறது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் விழுந்தது: ஆதரவு 269, எதிர்ப்பு 270. பட்ஜெட் பாதியில் நின்றது. கவிழ்த்தவர்களும் கவிழ்ந்தவர்களும் சேர்ந்து, அந்த மக்களவை கலைவதற்கு முன் நிதி மசோதாவை விவாதமில்லாமல் நிறைவேற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் காரியத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அது அந்த வருடத்தின் மிக நல்ல செயலாகப் படுகிறது. 2016இல் உத்தரகாண்டில் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியதா இல்லையா என்பதே சண்டையாகி, ஜனாதிபதி ஆட்சி வந்தது. ஏப்ரல் 1 செலவுக்கு அவசரச் சட்டம் போட்டுப் பணத்துக்கு வழி செய்தார்கள்.

பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாள் முழு அரசு அமையவில்லை. பழைய பட்ஜெட்டைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் எடுத்துச் செலவு செய்தார்கள். பள்ளியும் ரயிலும் ஓடின.

கேள்வி: தேர்தல் நேரத்தில் ஒரு தலைவர் மேல் ஊழலோ ஒழுக்கக் குற்றச்சாட்டோ வருகிறது. சிலர் அதிலேயே அழிந்துபோகிறார்கள், சிலர் ஜெயித்தே விடுகிறார்கள். இதில் என்ன ரகசியம்?
*(கல்லூரி மாணவி, அரூர்)*

பதில்: மகளே, முதலில் பழைய கதை ஒன்று. 1884இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்ற குரோவர் கிளீவ்லாந்துக்குக் கல்யாணத்துக்கு வெளியே ஒரு குழந்தை இருப்பதாகச் செய்தி வந்தது. என்ன சொல்வது என்று கட்சிக்காரர்கள் கேட்டதற்கு, உண்மையைச் சொல்லுங்கள் என்று தந்தி கொடுத்தார். ஜெயித்தார். 1952இல் நிக்சன் துணை ஜனாதிபதி வேட்பாளர். பணக்காரர்கள் அவருக்காக 18,000 டாலர் தனி நிதி வைத்திருந்தது வெளியே வந்தது. அவர் டி.வி.யில் உட்கார்ந்து தன் வரவு செலவை வரிசையாகச் சொன்னார். ஒரு நாய்க்குட்டி மட்டும் பரிசாக வந்தது, பிள்ளைகள் அதற்கு செக்கர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றார். ஜனங்கள் நம்பினார்கள், தப்பித்தார். அதே நிக்சன் இருபது வருடம் கழித்து, 1972இல், 50 மாநிலத்தில் 49ஐ ஜெயித்தவர். வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி ஆபீஸுக்குள் ஆள் புகுந்தது அவருடைய வெற்றிக்குத் தேவையே இல்லாத காரியம். புகுந்த ஆறாம் நாளே விசாரணையை நிறுத்த அவர் வழி பேசிய பேச்சு அவருடைய ஒலிநாடாவிலேயே பதிவாகியிருந்தது. இரண்டு வருடம் மூடி மூடி வைத்து, 1974 ஆகஸ்டில் அந்த நாடா வெளிவந்த சில நாளில் பதவியை விட்டுப் போனார்.

கிளிண்டன் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஊத்தங்கரை டீச்சரின் கேள்வியோடு சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1995 நவம்பரில் அரசு மூடியபோது சம்பளக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளமில்லாமல் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் வெள்ளை மாளிகையில் போன் எடுத்தார்கள், காகிதம் சுமந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் மோனிகா லெவின்ஸ்கி, வயது 22. 1998 ஜனவரியில் கிளிண்டன் அந்தப் பெண்ணோடு தனக்கு உறவே இல்லை என்றார், ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார். பிரதிநிதிகள் சபை அவர்மேல் சுமத்தியது சத்தியம் செய்து பொய் சொன்ன குற்றமும் நீதியை மறித்த குற்றமும். 1999 பிப்ரவரியில் செனட் விடுவித்தது. அவர் பதவிக்காலம் முடியும்வரை ஜனாதிபதியாக இருந்தார். அந்தப் பெண்ணை உலகமே பேர் சொல்லிப் பரிகாசம் செய்தது. உங்கள் வயதுப் பெண் அவர். கெட்டிக்காரத்தனமாகத் தப்பினார் என்று ஒரு தலைவரைப் பாராட்டுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது, அவருக்குப் பதிலாக அந்த அடியை வாங்கியவர் யார் என்று தேடிப் பாருங்கள்.

நம் ஊரில் தேட அதிக தூரம் போக வேண்டாம். 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்த நாள். நான் அப்போது தருமபுரியில் இருந்தேன். மதியம் கடைகளின் ஷட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இலக்கியம்பட்டியில், சுற்றுலா வந்திருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்கு அவருடைய கட்சிக்காரர்கள் சிலர் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்துபோனார்கள். அந்த வழக்கில் மூன்று பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் விடுதலையானார்கள். ஹோட்டல் வழக்கில் 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தலைவருக்கு அப்பீல் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே போய் அப்பீல் செய்வது?

அதனால் ரகசியம் என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு தலைவர் மேல் வழக்கோ புகாரோ வந்த முதல் மணி நேரத்தில் தன் ஆட்களுக்கு என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். ‘எல்லோரும் வீட்டில் இருங்கள், நான் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிறாரா, அல்லது சும்மா இருக்கிறாரா? சும்மா இருப்பதும் ஒரு உத்தரவுதான். 1956 நவம்பரில் அரியலூரில் ரயில் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயிலை ஓட்டியவர் லால் பகதூர் சாஸ்திரி இல்லை, பாலத்தைக் கட்டியவரும் இல்லை. ஆனாலும் ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார். 1996இல் ஹவாலா வழக்கில் பேர் வந்ததும் அத்வானி எம்.பி. பதவியை விட்டு, வழக்கிலிருந்து விடுபடும் வரை தேர்தலில் நிற்க மாட்டேன் என்று சொல்லி, நிற்கவும் இல்லை. அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லாதது நிறைய உண்டு. அந்த ஒரு காரியத்துக்கு மரியாதை உண்டு.

கேள்வி: நான் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறேன். டிரம்ப் வரி போட்டபோது எங்களுக்கு ஓவர்டைம் நின்றது. டெல்லிக்காரர்கள் பேசுவது எங்களுக்கு எப்படி வந்து சேரும்?
*(பர்கூரிலிருந்து ஒரு தொழிலாளி)*

பதில்: வந்து சேர்ந்துதானே ஓவர்டைம் நின்றது, தம்பி. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மேல் அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. எண்ணெய் வாங்கியது பர்கூர் இல்லை. ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டுத் தலைவரைக் கட்டிப்பிடிக்கிற போட்டோவைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம். மறுவாரம் வரி ஏறினால் அந்தப் போட்டோ கல் ஏற்ற உதவாது. உங்கள் எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நஷ்டப்பட்ட பட்டறைக்கும் அதன் கூலிக்காரர்களுக்கும் என்ன ஏற்பாடு? ஏற்றுமதி செய்கிற முதலாளிக்குக் கடன் சலுகை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கூலியைப் பற்றியும் விடாமல் கேளுங்கள்.

கேள்வி: உள்நாட்டில் மோதிக்கொள்கிற எதிர்க்கட்சிக்காரர்களை வெளிநாட்டுக்குத் தூது அனுப்புவது சரியா? அங்கே போய் நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டால்?
*(ஓசூரிலிருந்து ஒரு வாசகர்)*

பதில்: உங்கள் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1962இல் ராஜாஜி நேருவுக்கு எதிராகச் சுதந்திராக் கட்சி நடத்திக்கொண்டிருந்தார். தேர்தலில் காங்கிரசை விளாசியவர். அந்த வருடம் செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வாஷிங்டன் போய் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்பதுதான் கோரிக்கை. உள்ளூர்ச் சண்டையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சில வாரத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து உலகம் நடுங்கியது. 1963 ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதில்லை என்று மாஸ்கோவில் கையெழுத்துப் போட்டன. ராஜாஜி பேசியதால்தான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் போய்க் கேட்டவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர்.

1994இல் நரசிம்ம ராவ், ஜெனிவாவில் காஷ்மீர் பிரச்சினைக்காக எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயை இந்தியக் குழுவுக்குத் தலைவராக்கி அனுப்பினார். 2025 மே மாதம் ஏழு அனைத்துக் கட்சிக் குழுக்கள் போனபோது ஒன்றுக்குக் கனிமொழி தலைவர். காட்டிக்கொடுப்பார்கள் என்ற பயம் எனக்கு இல்லை. திரும்பி வந்ததும் உள்ளூர்ப் பிரச்சாரத்தில் ஒருவரையொருவர் தேசத்துரோகி என்று சொல்லிக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நேற்றுவரை நாட்டுக்காகப் பேசப் பொருத்தமாக இருந்தவர் இன்று எப்படித் துரோகி ஆவார்?

கேள்வி: ராஜதந்திரம் என்பது நாகரிகமாகப் பொய் சொல்வதுதானே?
*(பாலக்கோட்டிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர்)*

பதில்: ஐயா, தகடூர் மண்ணில் (நம் தருமபுரியின் பழைய பேர்) இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்கலாமா? உங்களுக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக அவ்வையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அவ்வை பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. உன் வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து, எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

இதில் ஒரு பொய்கூட இல்லை. மிரட்டலும் இல்லை. அவன் படையைப் பழிக்கவும் இல்லை. அழகாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார். புரிந்துகொண்டு பின்வாங்கினால் தொண்டைமானுக்கு அவமானமில்லை. சபையில் இருந்தவர்கள் ஒரு புகழ்ச்சியைக் கேட்டதாகவே நினைத்துக்கொள்ளலாம். போர் நின்றதா என்று அந்தப் பாட்டில் இல்லை. பின்னாளில் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான் என்பதும் நமக்குத் தெரியும். எல்லா வாசலிலும் தூது பலிக்காது.

அவ்வை செய்ததை 1962 அக்டோபரில் கென்னடி வேறு விதமாகச் செய்தார். கியூபாவிலிருந்து ஏவுகணையை எடுக்க வேண்டும் என்று சோவியத் தலைவர் குருஷேவிடம் வெளிப்படையாகக் கேட்டார். கியூபாமேல் படையெடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாக வாக்குக் கொடுத்தார். துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம் என்பதைத் தன் தம்பி ராபர்ட்டை விட்டு சோவியத் தூதர் டோப்ரினினிடம் தனியாகச் சொல்லச் சொன்னார். அந்த ரகசியம் பல வருடம் காக்கப்பட்டது. இங்கே மறைப்பு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அடுத்த மாதம் அவருடைய கட்சிக்குக் காங்கிரஸ் தேர்தலும் இருந்தது. விட்டுக்கொடுத்தார் என்ற பேர் வரக்கூடாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் இரண்டு பேரும் இறங்கிவர ஆளுக்கொரு படி வைத்தார். வெளியே கத்தி, உள்ளே படி வைக்காமல் விடுகிறவர்களால்தான் ஆபத்து.

அமெரிக்கர்களே இதை மறந்த நாட்களும் உண்டு. 1995 முடக்கத்தால் கிளிண்டன் ஒசாகாவில் நடந்த ஆசிய-பசிபிக் மாநாட்டுக்குப் போகவில்லை. 2013 அக்டோபரில் 16 நாள் மூடல் நடந்தபோது ஒபாமா பாலி மாநாட்டுப் பயணத்தை ரத்து செய்தார். சீன அதிபர் ஷி ஜின்பிங் போயிருந்தார். வீட்டுச் சண்டையால் ஆள் வராத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பந்தியில் உட்கார்ந்துகொள்வார்.

கேள்வி: 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கர்நாடகத் தேர்தல் முடியும்வரை தள்ளிவைக்கிறோம் என்று கலைஞர் சொன்னார். எங்கள் அப்பா இன்றைக்கும் அதைக் கோழைத்தனம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எங்கள் தெருவில் இப்போதும் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர்.
*(பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு இளைஞர்)*

பதில்: உங்கள் அப்பாவின் கோபம் எனக்கும் அன்று இருந்தது. நாங்கள் பாப்பாரப்பட்டி பக்கம் வளர்ந்தவர்கள். கிணற்று நீரில் ஃபுளோரைடு, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற உப்பு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அளவு. நம் மாவட்டத்தில் பல ஊர்க் கிணறுகள் அதைத் தாண்டியவை. என் அக்காவின் முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு. சின்ன வயதிலிருந்து சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். பெண் பார்க்க வந்தவர்கள் பாக்கு போடுகிற பெண்ணா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். முப்பத்தைந்து வயதில் முதுகை நிமிர்த்த முடியாதவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள். காவிரி இருபது, முப்பது கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாநிலமும் மத்திய அரசுக்கு முன்னால் உட்கார்ந்து, பெங்களூருக்கு உன் திட்டம், தருமபுரிக்கு என் திட்டம் என்று ஒப்புக்கொண்டது 1998இல். அடிக்கல் நாட்டியது 2008 பிப்ரவரியில். நடுவில் பத்து வருடம்! உங்கள் அப்பா கோபப்பட வேண்டியது அந்தப் பத்து வருடத்தின் மேல் என்பேன். அதில் எல்லாக் கட்சி ஆட்சிக்கும் பங்கு உண்டு.

அடிக்கல் விழுந்தது கர்நாடகத்தில் தேர்தல் நேரம். மார்ச்சில் கர்நாடக பா.ஜ.க. தலைவர் எடியூரப்பா தொண்டர்களோடு ஒகேனக்கல்லுக்கே வந்தார். பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்களைத் தாக்கினார்கள். பஸ் எல்லையோடு நின்றது. ஓசூரில் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்து எல்லைவரை நடந்த கட்டடத் தொழிலாளிகள் நம் தருமபுரிக்காரர்கள்தான். சென்னையில் ஏப்ரல் 4 அன்று நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறுநாள்தான், கர்நாடகத்தில் புது அரசு வரட்டும் என்று முதல்வர் அறிவித்தார். டீக்கடையில் அந்தச் செய்தியைக் கேட்டு நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்று யோசிக்கும்போது வேறு மாதிரி தெரிகிறது. தண்ணீரை விட்டுக்கொடுக்கவில்லை, தேதியை விட்டுக்கொடுத்தார். பெங்களூரில் வாடகை வீட்டில் இருந்த லட்சக்கணக்கான நம் ஆட்களுக்கு அந்த வாரம் அது உயிர்ப் பிரச்சினை. மே மாதம் எடியூரப்பாவே முதல்வரானார். ஓட்டு கிடைத்த பிறகு அந்தக் கூச்சல் தானாக அடங்கியது. ஜப்பான் கடனில் வேலை நடந்தது. 2013 மே மாதம் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர் ஜெயலலிதா. ஒருவர் போட்ட கல்லை இன்னொருவர் பிடுங்கிப் போடாமல் முடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எவ்வளவோ திட்டங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அக்காவின் பேத்தி அதற்கப்புறம் பிறந்தவள். பால்பல் விழுந்து முன்பல் முளைத்த சமயம், அக்கா அவளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, உதட்டைத் தூக்கி, ஒவ்வொரு பல்லாகப் பார்த்ததை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இல்லை.

சரி, உங்கள் தெரு விஷயத்துக்கு வருகிறேன். மற்ற ஆறு நாள் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். குழந்தைகளுக்குக் குடிக்கவும் சோறாக்கவும் மட்டுமாவது ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு, தண்ணீர் வந்த தேதி, நேரம், எத்தனை குடம் என்று ஒரு மாதம் எழுதுங்கள். தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்தோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வெறும் புகாரைத் திருப்பி அனுப்புவார்கள். தேதி போட்ட கணக்கைத் திருப்பி அனுப்புவது கஷ்டம். அந்த நோட்டின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.